பூட்டிய வீட்டுக்கு வந்த பலகாரம்

தீபாவளிக்கு முந்தின வாரம் சங்கரன்கோவில் தறிகளுக்கு ஓய்வு கிடையாது. கடைகளுக்குப் போக வேண்டிய சேலைகளெல்லாம் போன பிறகும் கடைசி நேர ஆர்டர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். பொன்மணிக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. ஊடை நூலைக் கட்டையில் ஏற்றும் தார் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவள் வாயசைப்பது தெரியுமே தவிர பேச்சு காதில் விழாது. மற்ற பெண்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். அதிரசத்துக்குப் பாகு எப்போது எடுப்பது, யார் வீட்டு முறுக்கு போன வருசம் பல்லை உடைத்தது என்று பேச்சு ஓடியது. பார்வை பொன்மணி பக்கம் வந்தால் மட்டும் வாய்கள் மூடிக்கொண்டன.

அவள் வீட்டில் இந்த வருசம் எண்ணெய்ச் சட்டி கிடையாது. மகன் செல்வக்குமார் வைகாசியில் இறந்துபோனான். சென்னையில், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். மழை பெய்த ரோட்டில் வண்டி சறுக்கிவிட்டது. வந்து சேர்ந்தது ஆம்புலன்ஸ்தான்.

சாவு விழுந்த வீட்டில் முதல் தீபாவளிக்குச் சட்டி வைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டில் சுட்ட பலகாரத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். வாசலில் கால் வைக்கும்போதே அழுகையோடு வருவார்கள். வீட்டுக்காரி எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு பையைப் பிரித்துப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். துட்டி கேட்பது என்று அதற்குப் பெயர். துட்டிக்கு வாருங்கள் என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வர வேண்டாம் என்று சொல்லும் வழக்கமும் இல்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள். இருக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

பொன்மணியின் பயமெல்லாம் மகள் ராஜகுமாரியைப் பற்றித்தான். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணனை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக் கதறினார்கள். அன்றையிலிருந்து யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் ஏறினாலே போதும், பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு காதைப் பொத்திக்கொள்ளும். ஒரு தடவை எதிர்வீட்டு ஜஸீமா ஜலதோசத்தோடு காபித்தூள் கேட்டு வந்தாள். அதற்கும் கட்டிலுக்கு அடியில்தான்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து தம்பி கணேசன் போன் செய்தான். ராயப்பேட்டையில் ஒரு அண்ணாச்சி மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். செல்வக்குமார் தங்கியிருந்ததும் அவன் வீட்டில்தான். தீபாவளிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வாருங்கள், கடலைக் காட்டலாம், மனசு மாறும் என்றான்.

கடல் என்ற பேச்சு அந்த வீட்டுக்குப் புதிதல்ல. லீவு நாளில் செல்வக்குமார் மெரினாவில் நின்று தங்கைக்கு வீடியோ அனுப்புவான். அலை, பட்டம், மணலில் ஓடும் குதிரை. தீவாளி லீவுக்கு வா, உன்னக் குதிரைல ஏத்தி விடுதேன் என்று சொல்லியிருந்தான். ராஜகுமாரி அதை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பொன்மணியின் கணவன் சங்கரலிங்கம் தறி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எங்க அக்கா வருவாளே."

"வருவாவ."

"ஒரு வார்த்த சொல்லிருவமா?"

"என்னன்னு சொல்லுவிய? எம் மகனுக்கு அழ வராதிய, நாங்க பீச்சுக்குப் போறோம்னா?"

பொன்மணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே ஒரு தீவாளி. பிள்ள கட்டிலுக்கடில கெடக்காம இருக்கட்டும்."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, எந்த ரயில் என்று கேட்டான்.

தீபாவளிக்குச் சென்னையே கிளம்பித் தெற்கே வரும். இவர்கள் வடக்கே போனார்கள். பொதிகை ரயிலில் ஏறினால் பெட்டி காலியாகக் கிடந்தது. ராஜகுமாரி ஒவ்வொரு சன்னலாக மாறி மாறி உட்கார்ந்தாள். எதிரே கடந்துபோன ரயில்களில் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். எல்லோர் மடியிலும் துணிக்கடைப் பைகள். டிக்கெட் பார்க்க வந்தவர், எல்லாரும் ஊருக்கு வரும்போது நீங்க மட்டும் எங்க போறீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கடல் பாக்க என்று ராஜகுமாரி முந்திக்கொண்டு சொன்னாள்.

கணேசனின் வீடு ஒரு சந்துக்குள், கடைக்குப் பின்னால் இருந்தது. அவன் மனைவி செல்வக்குமாரின் சட்டைகளை, தலையணையை, செருப்பை எல்லாம் முன்கூட்டியே எங்கோ எடுத்து ஒளித்துவிட்டாள். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாள். சுவரில் போன் சார்ஜர் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்ந்த இடத்தில் சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பொன்மணி சுற்றிய தார் நூல். போன பொங்கலுக்கு வந்தபோது செல்வக்குமார் ஒரு கட்டையைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். எதற்குடா என்று கேட்டதற்கு, எல்லாத்துக்கும் ஆகும்மா என்றான். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்காக இருந்தது. அழுகை வரவில்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்ததே இல்லை.

தீபாவளியன்று காலையில் தூறல். வெடிச் சத்தத்தோடுதான் விடிந்தது. கணேசனின் மனைவியும் அவர்களை நினைத்துச் சட்டி வைக்கவில்லை. இட்லியும் சாம்பாரும்தான். தாய்மாமன் எடுத்துக் கொடுத்தால் குற்றமில்லை என்று கணேசன் ஒரு பச்சை கவுன் வாங்கி வைத்திருந்தான். ராஜகுமாரி அதைப் போட்டுக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். பொன்மணி தலையை அசைத்ததும் வெளியே ஓடினாள். சந்துப் பிள்ளைகள் அவளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு கம்பி மத்தாப்பைக் கையில் கொடுத்து, தள்ளிப் பிடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஊரில் தங்களை யாருக்கும் தெரியாது என்பது பொன்மணிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. துட்டி வீட்டுக்காரி என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது.

மத்தியானம் மழை விட்டதும் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனார்கள். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. புதுச் சட்டைகளின் மடிப்பு இன்னும் கலையவில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பன்மார், ஈர மணலில் செருப்பைக் கையில் பிடித்து நடக்கும் பெண்கள், கையால் சுற்றும் ராட்டினம், பலூன் சுடும் துப்பாக்கி, தட்டு நிறையச் சுண்டல். பொன்மணி கடலை அன்றுதான் முதலில் பார்த்தாள். வீடியோவில் அது இத்தனை சத்தம் போடவில்லை. தறிக்கூடத்துச் சத்தம் போல விடாமல், ஆனால் தாளம் தப்பித் தப்பி அடித்தது.

குதிரைக்காரன் ராஜகுமாரியை ஏற்றிவிட்டான். முதலில் சேணத்தை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குதிரை அலையோரம் போய்த் திரும்பி ஓட ஆரம்பித்ததும் சிரித்தாள். வாயைத் திறந்து, விழுந்த முன்பல் இடம் தெரிய, உரக்கச் சிரித்தாள். வைகாசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கணேசன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தான்.

"எண்ணே, இன்னொரு வட்டம்" என்றாள் ராஜகுமாரி குதிரைக்காரனிடம். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு வட்டம் ஓட்டினான்.

மிளகாய் பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ராஜகுமாரி கேட்டாள், வாங்கிக் கொடுத்தார்கள். பொன்மணிக்கும் ஒன்று வந்தது. அவள் காகிதத்தில் வைத்தபடியே கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இளையரசனேந்தல் பஸ் இந்நேரம் வந்திருக்கும் என்று தோன்றியது. சங்கரலிங்கத்தின் அக்கா, அவள் மைனி, அதிலிருந்து இறங்கியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் பஜ்ஜி சூடு கையைச் சுட்டது. காக்கைக்குப் போட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ரயில் ஏறினார்கள். இந்தத் தடவையும் பெட்டி காலி.

காலையில் வீட்டு வாசலுக்கு வந்தபோது இரும்புக் கதவில் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் அதிரசம், ஒன்றில் சுசியம். சுசியம் ஊசிப்போயிருந்தது. ஒரு பையிலிருந்து எறும்புகள் வரிசையாகப் பூட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தன. சங்கரலிங்கம் ஒவ்வொன்றாகக் கழற்றினான். தெருவில் தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கோடி வீட்டில் மட்டும் யாரோ ஒற்றைத் தறியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு ஜஸீமா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"போறத எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா பொன்மணிக்கா."

"யார் யார் வந்தாவ?"

"வாசுதேவநல்லூர் ஆளுக வந்தாவ, பூட்டப் பாத்தாவ, தொங்க விட்டுட்டுப் போய்ட்டாவ. அவுகளப் பத்தி இல்ல. உங்க மைனி வந்து படில உக்காந்தாவ பாருங்க, அதான் எனக்கு என்னமோ போல ஆயிட்டு. பைய மடில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காவ. உள்ள வாங்கன்னு கூப்புட்டேன். துட்டிக்கு வந்தவ இன்னொரு வீட்டுப் படி ஏறப்படாதுன்னுட்டாவ. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாவ."

"அழுதாவளா?"

"அழலயே. கட்டிக்கிட ஆளில்லாம எப்படிம்மா அழன்னு கேட்டாவ."

பொன்மணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜஸீமா மீதியையும் சொன்னாள். பூட்டிக் கிடக்கிறதே என்று மைனி இசக்கித்தாய் தன் மகன் துரைப்பாண்டிக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன், அவங்க மெட்ராஸ்ல பீச்சுல இருக்காங்க, கணேசன் ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கான், பிள்ள குதிரைல போகுது என்று சொல்லியிருக்கிறான். போன் சத்தமாக இருந்ததால் ஜஸீமாவுக்கும் கேட்டது. அதைக் கேட்டு இசக்கித்தாய் எழுந்தாள். பையை நான் வாங்கி வைக்கட்டுமா என்று ஜஸீமா கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"வாசல்ல தொங்க விட்டுட்டுப் போக நான் என்ன பால் பாக்கெட்டா போட வந்தேன்னு சொல்லிட்டு, பையோட போய்ட்டாவ."

இசக்கித்தாய் செல்வக்குமாருக்கு அத்தை மட்டும் அல்ல. பொன்மணி ஷிப்டுக்குப் போன வருசங்களில் அவன் வளர்ந்தது இளையரசனேந்தலில்தான். ஆடு மேய்க்கப் போகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். பேச்சு வந்த புதிதில் அவன் முதலில் அத்தை என்றுதான் சொன்னான். பொன்மணி அதற்கு ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள்.

வீட்டைத் திறக்காமலே மகளைக் கூட்டிக்கொண்டு பொன்மணி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நானும் வரட்டா என்று சங்கரலிங்கம் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டாள்.

இளையரசனேந்தலில் மழை நன்றாகப் பெய்திருந்தது. கரிசல் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் துரைப்பாண்டியின் மனைவிதான் இருந்தாள். வாங்க என்றாள். ராஜகுமாரியின் கன்னத்தைத் தட்டி, "குதிர நல்லா ஓடுச்சா?" என்று கேட்டாள். பிள்ளை ஆமாம் என்று சந்தோசமாகச் சொன்னது. பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். உங்க அத்தை எங்கே என்று கேட்டதற்கு மருமகள் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

இசக்கித்தாய் உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"வா" என்றாள்.

பொன்மணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். களை ஈரத்தில் லேசாக வந்தது. ராஜகுமாரி வரப்பில் நின்று தட்டான் பிடித்தாள். இசக்கித்தாய் மழையைப் பற்றித்தான் பேசினாள். இந்த மழை நின்றால் போதும், இதற்கு மேல் பெய்தால் வேர் அழுகிவிடும் என்றாள். ஆட்டுக்குக் காணை நோய் வந்து சரியானதைச் சொன்னாள். சென்னையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்வக்குமார் பெயரையும் சொல்லவில்லை.

வைதால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பொன்மணி வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். மழையைப் பற்றிப் பேசுகிறவளிடம் என்ன சொல்வது. வேறு வீட்டுக்காரி வந்தால் பேசுவது போலப் பேசினாள். இனிமேல் இவளிடம் செல்வக்குமாரைப் பற்றிப் பேசவே முடியாமல் போய்விடும் என்று பொன்மணிக்குப் பட்டது. களையோடு ஒரு உளுந்துச் செடியும் அவள் கையில் வந்துவிட்டது. இசக்கித்தாய் அதை வாங்கித் திரும்ப மண்ணில் ஊன்றி, விரலால் அழுத்திவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, புளிக்குழம்பு, அவித்த கீரை. ராஜகுமாரிக்கு ஒரு அப்பளம் வைத்தார்கள். அது எண்ணெயில் பொரித்தது அல்ல. தணலில் சுட்டது. ஓரத்தில் கருகியிருந்தது. பொன்மணி தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டி துடைத்துச் சுவரில் ஆணியில் கவிழ்ந்து தொங்கியது.

"என்ன சித்தி பாக்கிய?" என்றாள் மருமகள். "எங்க வீட்லயும் இந்த வருசம் சட்டி கெடையாது. அவுக வீட்டுக்குத்தான் தீட்டு, கட்டிக் குடுத்து வந்த உங்களுக்கு எங்க இருக்குன்னு அத்தகிட்ட கேட்டேன். செத்தது எம் பிள்ள, நான் சட்டி வைக்க மாட்டேன்னுட்டாவ. உங்களுக்குக் கொண்டு வந்த முந்திரிக்கொத்தக்கூடப் பக்கத்து வீட்டு அடுப்புல போய்ச் சுட்டுட்டு வந்தாவ."

"வாய மூடுட்டி" என்றாள் இசக்கித்தாய். "சோத்தப் போடு."

பொன்மணியின் கை இலையிலேயே இருந்தது. முறைப்படி அழ வேண்டியவள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அழக் கடமையில்லாதவள் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வாருங்கள் மைனி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லக் கூடாது. துட்டிக்குக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. கையைக் கழுவிவிட்டு வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மைனி, நான் இன்னைக்கு வீட்லதான் இருப்பேன்."

இசக்கித்தாய் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்மணி மகளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் ஈரமான பலகை. பஸ் வர நேரமாயிற்று. தூரத்தில் அது திரும்புவது தெரிந்தபோதுதான் இசக்கித்தாய் வந்தாள். களை எடுத்த அதே சேலை. கையில் துணிப்பை. பொன்மணியைப் பார்க்காமல் முதலில் ஏறி, முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டரிடம் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள். சங்கரன்கோவில் வரும் வரைக்கும் திரும்பவில்லை.

தெருமுனையில் நின்றாள்.

"நீ முன்னால போ" என்றாள்.

பொன்மணி போய்ப் பூட்டைத் திறந்தாள். சாவி அவளிடமே இருந்ததால் சங்கரலிங்கம் தறிக்கூடத்துக்குப் போயிருந்தான். மூடிக் கிடந்த வீட்டில் புழுக்க வாடை. செல்வக்குமார் போட்டோவில் மாலை சருகாகியிருந்தது. அதைத் தொடாமல் போட்டோவுக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப அத்த அழுதுட்டே வருவா. உன்ன ஒண்ணும் செய்ய மாட்டா. அண்ணனுக்காகத்தான் அழுவா."

"நீயும் அழுவியா?"

"அழுவேன்."

ராஜகுமாரி யோசித்தாள்.

"நான் கட்டிலுக்கடில போவட்டா?"

"போ மக்கா."

அவள் பச்சை கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். கைகள் காதுக்குப் பக்கத்தில், பொத்தாமல் இருந்தன.

இசக்கித்தாய் படியேறினாள். செருப்பைக் கழற்றினாள். இரும்புக் கதவைப் பிடித்தாள்.

"ஏ என்னப் பெத்த ராசா, அத்த வந்திருக்கேனே. வாசல் வரைக்கும் வந்திருக்கேனே. வா அத்தேன்னு கூப்புட நீ இல்லையே."

பொன்மணி எழுந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் தொண்டையிலிருந்து ஏதோ கிழிந்து வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மைனியின் தோளில் கரிசல் மண் வாடையும் வியர்வையும் அடித்தன. பை இருவருக்கும் நடுவில் நசுங்கியது. உள்ளே முந்திரிக்கொத்து பொடிந்தது. அவன் பெயரை இசக்கித்தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லப் பொன்மணியும் சொன்னாள்.

எதிர்வீட்டு ஜஸீமா வாசலுக்கு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கோடி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒற்றைத் தறியை யாரோ நிறுத்தினார்கள்.